தும்பு ஒட்டாத மட்கார்ட்

"வண்டி வந்து இடிச்ச எண்டு ஆரு தம்பி சொன்ன? வண்டி வரல்ல. இருட்டுத்தான் வந்து இடிச்ச."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அபுல் ஹஸன், தலைக்கட்டுக்குக் கீழே தெரிந்த ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருதமுனைத் தறிகளில் சாறன் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராய் விற்கிற மனிதர். வியாழக்கிழமை பொழுதுபட்ட மஃரிபு நேரம் கடற்கரை ரோட்டில் அவரை ஏதோ அடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமலே போய்விட்டது. தொடை எலும்பு முறிவு, தலையில் ஒன்பது தையல்.

"அந்த இருட்டுக்கு நம்பர் பிளேட் இருந்திச்சா ஐயா?" என்று கேட்டான் சுபாஸ்கரன்.

அவன் வாய் அப்படி. கல்முனையில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஓட்டோவுக்கு பிரேக் உண்டு, வாய்க்கு இல்லை. பக்கத்தில் நின்ற காலிதீன் முழங்கையால் ஒரு இடி கொடுத்தார்.

"நீங்க சொல்லுங்க. இருட்டுக்குள்ள என்ன கண்டீங்க?"

"ரெண்டு பீடி நெருப்பு" என்றார் கிழவர். "நெஞ்சு உசரத்துல ரெண்டு பேர் பீடி குடிச்சிக்கிட்டு வாற மாதிரி. அவங்க விலகிப் போவாங்க எண்டு நினைச்சன். மறுகா கண் முழிச்சா ஆஸ்பத்திரி. இதைச் சொன்னா என்ட மகளே ஜின் எண்டு ஓதிப் பாக்கிறா. பொலிஸ்காரர் இதை எழுதவேயில்ல."

காலிதீனின் கன்னத்துக்குள் ஒரு கராம்பு எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். அது இப்போது 'கடுக்' என்று கடிபட்டது. சுபாஸ்கரன் நிமிர்ந்தான். இன்சூரன்ஸ் கம்பனிக்காக இருபத்திரண்டு வருசம் அடிபட்ட வண்டிகளைத் தடவிப் பார்த்து, ஓட்டியவன் சொல்வது மெய்யா பொய்யா என்று எழுதிக் கொடுத்தவர் காலிதீன். வேலையை விட்ட பிறகும் 'காக்கா, காக்கா' என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டு வரும் ஊரார் அவரை விடவில்லை. அவர் கராம்பைக் கடித்தால் ஆருடையவோ பொய் கடிபடப் போகிறது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "சுபாஸ், இந்தப் பீடிக் கதை உன்ட வாயால வெளிய வரப்படாது. ஒரு பூட்டுப் போடு."

"சாவி?"

"எனக்கிட்ட."

மருதமுனைக்கு ஓட்டோவை விரட்டினான் சுபாஸ்கரன். நேரம் ரெண்டரை. பின்னேர அஸர் தொழுகை நேரத்துக்குப் பொலிஸ் வந்து ஸப்ரியைக் கூட்டிப் போகும். ஸப்ரி பள்ளிக்கூட வாத்தியார். ஒரு நாள் உள்ளே இருந்தாலே வேலையில் கை வைப்பார்கள். அவன் மனைவி றுஸ்னா காலையில் போனில் அழுத அழுகைதான் இவர்களை ஆஸ்பத்திரிக்கும், இப்போது அவள் வீட்டுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

ஸப்ரி செய்த குற்றம் என்று ஊர் சொல்வது இதுதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆமிக்காரர் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். துருப்பிடித்த தகரமாக வந்ததை, வீட்டுக் கொட்டிலுக்குள் வைத்து ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டினான். போன புதன்கிழமை முழு வண்டிக்கும் ஆமிப் பச்சை அடித்தான். வியாழன் பின்னேரம் கடற்கரையில் ஒரு பச்சை ஜீப்பைக் கண்டதாக மீன்காரர் ரெண்டு பேர் சொன்னார்கள். ஊரில் பச்சை ஜீப் ஒன்றே ஒன்றுதான். இன்று சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்த பொலிஸ் ஓஐசி, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடப்பக்க முன் மட்கார்டை மோந்து பார்த்தார். மற்ற இடத்தை விட அதில் பெயின்ட் மணம் தூக்கலாக இருந்தது.

"நீர் வியாழன் பின்னேரம் எங்க இருந்தீர்?" என்று கேட்டதற்கு, "சொறிக்கல்முனைக்கு மோட்டார் சைக்கிள்ள போனன், ஒரு பழைய ரிம் பாக்க. ஆள் வீட்டுல இல்ல. திரும்பி வந்துட்டன்" என்றான் ஸப்ரி. கண்ட சாட்சி ஒருவரும் இல்லை.

"பொய் சொல்றவன் எண்டா இதைவிட நல்ல பொய்யாச் சொல்லியிருப்பான் காக்கா" என்றான் சுபாஸ்கரன்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

றுஸ்னாவின் வீடு தறித் தெருவில். சீதனமாக அவளுக்கு வந்த வீடு, ஸப்ரி அங்கே வந்து குடியிருக்கும் மாப்பிள்ளை. கொட்டிலின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சஹ்லா என்ற பெண்ணின் தறிக்கூடம். ஆறு தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தத்தில், வாசல் படலையில் நின்று சலாம் சொன்ன காலிதீனின் வாய் அசைவுதான் தெரிந்தது.

றுஸ்னா கண் வீங்கிப்போய் நின்றாள். "வாங்க காக்கா. கொட்டிலுக்குள்ளதான் நிக்கி. அது ஜீப் இல்ல, என்ட சக்களத்தி. ரெண்டு வருசமா அவர் அதோடதான் குடும்பம் நடத்தின." சொல்லிவிட்டு வலது கையால் கண்ணைத் துடைத்தாள். சுட்டுவிரலில் மட்டும் கருஞ்சிவப்பாய் மருதோன்றி.

'ஒத்தை விரலுக்கு மருதோன்றி, இது என்ன புது ஸ்டைலோ' என்று சுபாஸ்கரன் நினைத்தான். நேரம் காலம் தெரிந்து அதைச் சொல்லாமல் விட்டான்.

ஸப்ரி கதிரையில் கல்லாய் இருந்தான். கேட்டதற்கெல்லாம் "தெரியா", "பாக்கல்ல" என்ற ரெண்டு பதில்தான். றுஸ்னாவின் தம்பி பஸால்தான் ஓடியாடி உபசரித்தான். இருபத்தாறு வயது, பக்கத்து வளவில் உம்மாவோடு இருக்கிறவன். இஞ்சி போட்டு, பால் இல்லாத பிளேன்டி கொண்டு வந்து வைத்தான்.

"மச்சான் பாவம் காக்கா. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"நீங்க ஜீப்ல ஏறிப் பாத்தீங்களா தம்பி?"

"நானா? அந்தக் கொட்டிலுக்குள்ளயே நான் போறதில்ல. பெயின்ட் மணம் பட்டா எனக்கு இழுப்பு வந்துரும்."

"கவனமா இரிங்க" என்று பிளேன்டியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார் காலிதீன்.

கொட்டிலுக்குள் பகலிலேயே அரை இருட்டு. ஜீப் நின்றது. மூக்குப் பெருத்த, கண் சிறுத்த, ஆரையும் மதிக்காத ஒரு வண்டி. ரெண்டு வருச உழைப்பு அதன் ஒவ்வொரு மடிப்பிலும் தெரிந்தது. முன்னால் பொலிஸ் நாடா கட்டி, வண்டியை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அசைக்கக் கூடாது எண்டுதான் சொன்ன. தடவக் கூடாது எண்டு சொல்லல்ல" என்றான் சுபாஸ்கரன்.

காலிதீன் டோர்ச்சை பொனட்டின் மேல் சாய்த்துப் பிடித்து உள்ளங்கையால் தடவினார். பிறகு கதவு, பின்பக்கம், வலது மட்கார்ட். ஒவ்வொரு இடத்திலும் கை நின்று நின்று போனது. கடைசியாக இடது முன் மட்கார்ட். அங்கே கை வழுக்கிக்கொண்டு போனது.

"சுபாஸ், பொனட்டைப் பார். என்ன தெரியுது?"

குனிந்து பார்த்தான். பச்சைக்குள் மயிரளவு சிவப்பு, நீலம், மஞ்சள். "தும்பு காக்கா. நூல் தும்பு. பெயின்டுக்குள்ள செத்துக் கிடக்கு."

"பின்னால தறி அடிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள பெயின்ட் அடிச்சா அப்படித்தான். காத்தெல்லாம் தும்பு. புதன்கிழமை அடிச்ச எல்லா இடத்திலயும் இரிக்கி. இப்ப இந்த மட்கார்ட்?"

சுபாஸ்கரன் மூக்கு முட்டப் பார்த்தான். ஒரு தும்புகூட இல்லை. "அப்ப தறி ஓடாத நேரத்துல அடிச்சிரிக்கி. ராத்திரி?"

"ராவுல பெயின்ட் அடிக்கிற கொம்பிரசரைப் போட்டா தெருவே எழும்பி வந்திரிக்கும். பகல்ல, தறியும் ஓடாம, கொம்பிரசர் சத்தமும் வெளிய கேக்காத ஒரு நேரம் வேணும். இந்த ஊருல அப்படி ஒரு நேரம் கிழமையில ஒருக்காத்தான் வரும்."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ!" என்று கத்தியே விட்டான் சுபாஸ்கரன். தொழுகைக்காகத் தறி எல்லாம் நிற்கும். குத்பாப் பிரசங்கத்தின் ஒலிபெருக்கி மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிடும்.

அடுத்த நொடியே அவன் ஆட்களை எண்ணிப் பார்த்தான். அந்த நேரம் ஸப்ரி பள்ளிவாசலுக்குள். பஸால் பள்ளிவாசல் முன்னால் வாகனம் ஒழுங்குபடுத்துகிற தொண்டன், ஊரே அவனைக் கண்டிருக்கும். ஆம்பிளைகள் ஒருவரும் வீட்டில் இல்லை. அப்படியென்றால்...

"காக்கா, நம்மளைக் கூப்பிட்ட ஆளே..."

"வாயை மூடு. முதல்ல ஏறி லைட்டைப் போடு, பாப்பம்."

சுபாஸ்கரன் சாரதி ஆசனத்தில் ஏறினான். பதினைந்து வருச ஓட்டோக்காரனுக்கு ஒரு லைட் சுவிட்சா பெரிய காரியம்? கண் முன்னால் இருந்த இரும்பு விசையைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினான். அசையவில்லை. இடப்பக்கம் திருப்பினான், திரும்பியது. முன்னால் சுவரில் வெளிச்சம் விழவில்லை. "லைட் செத்துப்போச்சு காக்கா" என்று இறங்கி முன்னுக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

ஜீப்பின் நெஞ்சில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சின்னச் சின்னக் கீறலுக்குள் ரெண்டு பொறி.

"பீடி..." என்று தொடங்கியவன் வாயைக் காலிதீனின் கை பொத்தியது.

"சண்டைக்குப் போற வண்டி மகன். எதிரிக்குத் தெரியாம ராவுல ஓடத்தான் இந்தப் பொறி லைட். பெரிய லைட் வேணுமெண்டா இந்தச் சின்னக் கொளுக்கியை ஒரு கையால தூக்கிப் பிடிச்சிக்கிட்டுத்தான் மத்தக் கையால வலப்பக்கம் திருப்பணும். தெரியாதவன் ஆரு ஏறினாலும் நீ செஞ்சதைத்தான் செய்வான்." விசையைத் திருப்பி அணைத்தார். "இப்ப பூட்டை மறுபடி போடு. உள்ள போவம்."

கூடத்தில் மூவரும் அப்படியே இருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. காலிதீன் உட்காரவில்லை.

"மட்கார்டுக்குத் திருப்பி பெயின்ட் அடிச்சது நேத்து, குத்பா நேரத்துல. அந்த நேரம் இந்த ஊட்டுல ஒரே ஒரு ஆள்தான் இருந்த." அவர் குரல் தணிந்தது. "தங்கச்சி, மருதோன்றி வெச்சா பத்து விரலுக்கும் வெப்பாங்க. நீங்க ஸ்ப்ரே கன் இழுக்கிற விரலுக்கு மட்டும் வெச்சிரிக்கீங்க. பச்சையை மறைக்க வெச்ச மருதோன்றி இப்படிக் கறுத்துத்தான் நிக்கும்."

றுஸ்னா கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். வாய் திறந்தது ஸப்ரி.

"அவளை விடுங்க!" கதிரை பின்னால் விழுந்தது. காலையிலிருந்து ரெண்டு பதிலோடு இருந்த மனிதன் இப்போது நடுங்கிக்கொண்டு நின்றான். "நான்தான் ஓட்டின. நான்தான் அந்த மனிசனை இடிச்ச. பெயின்ட் அடிக்கச் சொன்னதும் நான்தான். அவளுக்கு ஒண்டும் தெரியா. பொலிஸ் வரட்டும், நானே சொல்றன்."

"யா அல்லாஹ்!" றுஸ்னா வாயில் அடித்துக்கொண்டாள். "அப்ப நீங்கதானா? உண்மையா நீங்கதானா?" அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தாள்.

முடிந்தது கதை என்றுதான் சுபாஸ்கரனும் நினைத்தான். பஸால் தலையைக் குனிந்தபடி வெறும் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

காலிதீன் மட்டும் அசையவில்லை. "சேர், ஒண்டே ஒண்டு. இடிக்கக்குள்ள லைட் போட்டிருந்தீங்களா?"

"போடாம? மஃரிபு நேரம். ரெண்டு ஹெட்லைட்டும் போட்டுத்தான் ஓட்டின."

"நல்லது." காலிதீன் தலையாட்டினார். "பொலிஸ் வந்தா லைட் வேலை செய்யுதா எண்டு கட்டாயம் பாப்பாங்க. நாம ஒருக்காப் பாத்து வெப்பம். உங்கட கை நடுங்குது. தம்பி பஸால், நீங்க வாங்க. ஒரு நிமிசத்துக்கு இழுப்பு வராது."

பஸால் தட்டை வைத்தான். "நானா?"

"லைட்டை ஆரு போட்டா என்ன?"

எல்லோரும் கொட்டிலுக்குப் போனார்கள். சுபாஸ்கரன் ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டான். அவனுக்கு இப்போது விசயம் விளங்கிவிட்டது. லைட் போடத் தெரியாதவன்தான் இடித்தவன். பீடி நெருப்பு ரெண்டும் எரியட்டும், பாய்ந்து பிடிக்கிறேன் என்று மடித்துக் கட்டினான் சாறனை.

பஸால் ஏறி உட்கார்ந்தான். இடக்கையால் கொளுக்கியைத் தூக்கிப் பிடித்தான். வலக்கையால் விசையை வலப்பக்கம் திருப்பினான். ரெண்டு ஹெட்லைட்டும் பளீர் என்று சுபாஸ்கரனின் முகத்தில் அடித்தன.

"ஐயோ, சரியாப் போட்டுட்டானே!" என்றான் சுபாஸ்கரன் கண்ணைப் பொத்திக்கொண்டு.

'கடுக்.'

கராம்பு கடிபட்ட சத்தம் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது போல இருந்தது அவனுக்கு.

"நல்ல கெட்டித்தனம் தம்பி" என்றார் காலிதீன். "பதினஞ்சு வருசம் ஓட்டோ ஓட்டுறவனுக்கு வராத வேலை. கொட்டிலுக்குள்ளயே வராத உங்களுக்கு ஆரு பழக்கின?"

"அது... மச்சான் போடக்குள்ள பாத்திரிக்கன்."

"எப்ப?"

"போன மாசம்..."

"போன மாசமா?" ஸப்ரி முன்னுக்கு வந்தான். அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்தச் சுவிட்ச் கொழும்பால வந்ததே புதன்கிழமைதான் பஸால். பெயின்ட் காஞ்ச பிறகு ராவு இஷாத் தொழுகை நேரத்துக்குத்தான் பூட்டின. நானும் உன்ட ராத்தா றுஸ்னாவும் மட்டும்தான் இருந்த. நீ எப்ப பாத்த?"

பஸால் விசையிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் சொல்றன்" என்றார் காலிதீன். "ஆஸ்பத்திரியில அபுல் ஹஸன் காக்கா சொன்ன ஒரு கதை இரிக்கி. அவரை இடிச்ச வண்டிக்கு ஹெட்லைட் இல்ல. ரெண்டு பீடி நெருப்புத்தான். உங்கட மச்சானுக்கும் ராத்தாவுக்கும் அந்தப் பிழை வராது. சுவிட்சைப் பூட்டினவங்களே அவங்கதான். தெரியாதவன் ஒருத்தன்தான் அப்படி ஓட்டியிரிப்பான். இடிச்ச பிறகு எங்கயோ நிப்பாட்டி, தடவித் தடவிக் கொளுக்கியைப் பழகியிரிப்பான். ஒருக்காப் பழகினா மறக்காது."

பஸால் பின்சுவர்ப் பக்கம் இருந்த சின்னக் கதவை ஒரு பார்வை பார்த்தான். சுபாஸ்கரன் அங்கே போய் நின்றான்.

"அங்கால தறி தம்பி. ஓடிப்போய்ச் சிக்கினா சாறனாத்தான் வெளிய வருவீங்க."

பஸால் உடைந்தான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். "போட்டோ எடுக்கத்தான் ராத்தா கொண்டு போன. கடற்கரையில வெச்சி ரெண்டு படம். மச்சானும் இல்ல, நீயும் இல்ல, தறிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல்ல. திரும்பி வரக்குள்ள இருட்டிட்டு. லைட் வரல்ல. என்னெண்டு பாக்கக் குனிஞ்சன். நிமிந்தா சைக்கிள்..."

"நிப்பாட்டாம வந்தியா?"

"பயந்துட்டன்."

றுஸ்னா கொட்டில் வாசலில் நின்றாள். இவ்வளவு நேரமும் அழுத முகம் இப்போது காய்ந்து போயிருந்தது. "பயந்தது சரி. இப்ப அந்த மனிசன் 'நான்தான், நான்தான்' எண்டு கத்தக்குள்ள நீ என்னடா செஞ்ச? கிளாஸ் அடுக்கினாய். அவரைப் பொலிஸ் கொண்டு போற வரைக்கும் அடுக்கியிரிப்பாய்."

படலையில் பொலிஸ் ஜீப் வந்து நிற்பது தெரிந்தது.

"இறங்கு" என்றாள் அவள். "நீயே போய்ச் சொல்லு. நான் பின்னால வாறன். உம்மாவுக்கு நான் சொல்றன். அந்தக் காக்காட கால் சுகமாகும் வரை ஆஸ்பத்திரியில நீதான் நிக்கணும், பொலிஸ் விட்டா."

பஸால் இறங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு படலைப் பக்கம் நடந்தான். காலிதீன் நாலடி பின்னால் போனார். சுபாஸ்கரனும் போயிருப்பான், ஆனால் கொட்டிலுக்குள் புருசனும் பெண்சாதியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவனுக்குக் கால் வரவில்லை.

"நீங்க என்னத்துக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் றுஸ்னா.

ஸப்ரி மட்கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நேத்து ஜும்ஆ முடிஞ்சு பள்ளியால வந்து தொட்டுப் பாத்தன். ஈரம். உன்ட விரலையும் பாத்தன். நீதான் ஓட்டிப் பழகக் கொண்டு போய் இடிச்சிரிக்காய் எண்டு நினைச்சன்."

"நான் நேத்துக் காலையில கீறலைக் கண்டன். சிவப்பு சைக்கிள் பெயின்ட் ஒட்டியிருந்திச்சி. நீங்கதான் எண்டு நினைச்சி நெஞ்சே வெடிச்சிட்டு."

"ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்களா?"

ரெண்டு நாளும் ஒரே பாயில் படுத்து, ஒரே சஹன் தட்டில் சோறு தின்றவர்கள். கறுத்துப்போன விரலை அவன் கையில் எடுத்துப் பார்த்தான். சுபாஸ்கரன் சாறனை அவிழ்த்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். சொல்ல ஒரு பகிடியும் வாயில் வரவில்லை.

அப்போது பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாங்கு முடிந்த அந்த அமைதியில், படலையில் பஸால் சொன்னது கொட்டில் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான்தான் சேர்."